‘நேற்று வந்திருந்தேன்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

ஒருவரைப் பார்க்கச் சென்று, அவர் வீட்டில் இல்லாததால் திரும்பி வந்தவர், மறுநாள் அவரைச் சந்திக்கும்போது “நேற்று உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன்” என்று சொல்வது இயல்பான தமிழ். அதையே அவர் “ஐ ஹேட் கம் டு யுவர் ஹவுஸ் யெஸ்டர்டே” என்று ஆங்கிலத்தில் சொன்னால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் வாக்கியம் இன்னும் முடியவில்லை என்று எண்ணிக் காத்திருப்பார். ‘ஹேட் கம்’ என்ற வடிவம் வேறொரு கடந்த நிகழ்ச்சிக்கும் முன்னால் நடந்ததைக் குறிப்பது. அந்த வேறொரு நிகழ்ச்சி எங்கே என்று அவர் தேடுவார். அங்கே சொல்லவேண்டியது “ஐ கேம் டு யுவர் ஹவுஸ் யெஸ்டர்டே” என்பது மட்டுமே. இறந்தகாலத்தில் நாம் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை, அட்டவணைகளை மனப்பாடம் செய்யாததால் வருபவை அல்ல என்பது என் கருத்து. தமிழ் வினைமுற்றின் விகுதிக்கு நேரான ஆங்கிலத் துணைவினை ஒன்று இருக்கும் என்று நம்பி, ஒன்றுக்கு ஒன்று மாற்றுவதால்தான் அவை வருகின்றன.

வடிவத்திலிருந்து தொடங்குவோம். தமிழ் வினைகள் த், ட், ற், இன் ஆகிய இடைநிலைகளால் இறந்தகாலம் காட்டுகின்றன என்று நன்னூல் கூறுகிறது: செய்தான், உண்டான், தின்றான், பாடினான். ஆங்கிலத்தில் பெரும்பாலான வினைகளுக்கு இ, டி என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்தால் போதும். எழுதுவது எளிது; உச்சரிப்பதில்தான் தடுமாற்றம். ‘வாக்’ என்பதை ‘வாக்கெட்’ என்று இரண்டு அசையாக நீட்டுவது தவறு. ‘வாக்ட்’ என்று ஒரே அசையாகச் சொல்லவேண்டும். ‘வான்ட்’, ‘நீட்’ போல வினையே டி ஒலியில் முடிந்தால் மட்டும் ‘வான்டெட்’, ‘நீடெட்’ என்று ஓர் அசை கூடும். விதிக்குள் அடங்காத வினைகளைப் பழகித்தான் அறியவேண்டும். ‘கோ’வின் இறந்தகாலமாக நாம் சொல்லும் ‘வென்ட்’, ‘வெண்ட்’ என்ற வேறொரு பழைய வினையிடமிருந்து வாங்கிக்கொண்டது. இதைக் கேட்டு ஆங்கிலத்தை நகைப்பதற்கு முன், நம் ‘வா’வும் ‘தா’வும் குறுகி ‘வந்தான்’, ‘தந்தான்’ என்று ஆவதை நினைத்துக்கொள்ளலாம்.

எதிர்மறைக்கும் வினாவுக்கும் வரும் ‘டிட்’ பலரைத் தடுக்கி விழச்செய்கிறது. “ஐ டிட் நாட் கேம்” என்ற பிழைக்கு மருந்து தமிழிலேயே இருக்கிறது. ‘வரவில்லை’ என்று சொல்கிறோமே ஒழிய ‘வந்தவில்லை’ என்று யாரும் சொல்வதில்லை. அங்கே ‘வர’ என்ற வடிவம் காலம் காட்டாமல் நிற்பது போலவே, ஆங்கிலத்திலும் காலத்தை ‘டிட்’ சுமந்துகொள்வதால் வினை தன் வேர் வடிவத்துக்குத் திரும்பிவிடுகிறது: “ஐ டிட் நாட் கம்”, “டிட் யூ கம்?”

இனி, மிகுதியான குழப்பம் தரும் இடம். ‘பார்த்தேன்’, ‘பார்த்திருக்கிறேன்’ என்ற இரண்டும் நமக்கு நடந்து முடிந்த செயல்கள். ஆங்கிலமோ முதலாவதைச் சிம்பிள் பாஸ்ட் என்றும் இரண்டாவதைப் பிரசன்ட் பெர்ஃபெக்ட் என்றும் பிரித்து, இரண்டாவதை நிகழ்காலத்தின் வீட்டில் குடிவைக்கிறது. ‘ஹேவ்’ வந்தால், செயல் பழையதாயினும் அதன் கணக்கு இன்றுவரை திறந்திருக்கிறது என்று பொருள். எனவே, ‘எப்போது?’ என்ற கேள்விக்கு விடை வாக்கியத்திலேயே இருந்தால் ‘ஹேவ்’ வரக்கூடாது. “ஐ ஹேவ் ஸீன் தட் ஃபிலிம்” சரி. “ஐ ஹேவ் ஸீன் தட் ஃபிலிம் லாஸ்ட் இயர்” தவறு. ‘லாஸ்ட் இயர்’, ‘யெஸ்டர்டே’, ‘டூ டேஸ் அகோ’, ‘இன் 2015’ ஆகிய ஒவ்வொன்றும் அந்தக் கணக்கை மூடிவிடும் சொல். தமிழில் “போன வருடமே பார்த்திருக்கிறேன்” என்று தாராளமாகச் சொல்லலாம் என்பதால்தான் இது நம் காதுக்குப் பிழையாகவே படுவதில்லை.

காலத்தைச் சொல்லாவிட்டாலும் கணக்கு மூடியிருப்பதுண்டு. “பாரதியார் புதுச்சேரியில் பத்தாண்டுகள் வாழ்ந்திருக்கிறார்” என்பது நல்ல தமிழ். அதை “பாரதியார் ஹேஸ் லிவ்ட் இன் புதுச்சேரி” என்று எழுதினால், அவர் இன்றும் உயிரோடு இருப்பதாகப் பொருள் வந்துவிடும். அவர் அங்கே வாழ்ந்தது 1908 முதல் 1918 வரை, மறைந்தது 1921இல். ஆகவே ‘லிவ்ட்’ என்பதே பொருந்தும். ‘விட்டேன்’ என்று முடியும் வினைகளையும் இப்படித்தான் சோதிக்கவேண்டும். விருந்துக்கு அழைப்பவரிடம் “சாப்பிட்டுவிட்டேன்” என்பது இப்போதைய நிலையைச் சொல்வதால் “ஐ ஹேவ் ஈட்டன்” ஆகும். “எட்டு மணிக்கே சாப்பிட்டுவிட்டேன்” என்றால் “ஐ ஏட் அட் எய்ட்” ஆகும். அமெரிக்கர்கள் முதல் இடத்திலும் “ஐ ஆல்ரெடி ஏட்” என்று சொல்வதைக் கேட்டுத் திகைக்கவேண்டியதில்லை. அது அவர்கள் வழக்கு. நம் பாடநூல்களும் தேர்வுகளும் பெரும்பாலும் பிரிட்டிஷ் வழக்கையே பின்பற்றுகின்றன.

தொடர் இறந்தகாலம் நமக்கு எளிது. ‘படித்துக்கொண்டிருந்தேன்’ என்பதற்கு ‘ஐ வாஸ் ரீடிங்’ ஏறக்குறைய அச்சாகப் பொருந்தும். ஒரு நிகழ்ச்சி குறுக்கிட்டபோது பின்னணியில் எது நடந்துகொண்டிருந்ததோ அதற்கு இந்த வடிவம். “வென் ஷி கேம், வீ வேர் ஈட்டிங்” என்றால் அவள் வந்தபோது இலையில் சோறு இருந்தது. “வென் ஷி கேம், வீ ஏட்” என்றால் அவள் வந்த பிறகே பரிமாறினார்கள். ‘நோ’, ‘பிலாங்’ போன்ற, நிலையைக் குறிக்கும் வினைகள் மட்டும் இந்த வடிவத்தை ஏற்பதில்லை. “ஐ வாஸ் நோயிங் ஹிம்” என்று சொல்லாமல் “ஐ நியூ ஹிம்” என்று சொல்லவேண்டும்.

‘ஹேட்’ வடிவத்துக்கு மீண்டும் வருவோம். “வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெய்ன் ஹேட் லெஃப்ட்” என்ற வாக்கியத்தில் இரண்டு செயல்கள் இருக்கின்றன. பின்னால் சொல்லப்பட்ட செயல் முன்னால் நடந்தது. அந்த வரிசையைக் காட்ட ‘ஹேட்’ தேவைப்படுகிறது. அதை நீக்கி ‘த ட்ரெய்ன் லெஃப்ட்’ என்றால், நான் போய்ச் சேரவும் வண்டி கிளம்பவும் சரியாக இருந்தது என்று பொருள் மாறும். ஆனால் நடந்த வரிசையிலேயே, ஆறு மணிக்கு வண்டி புறப்பட்டது, ஆறு பத்துக்கு நான் போனேன் என்று சொல்லிச் செல்பவருக்கு ‘ஹேட்’ எதற்கு? ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ ஆகிய சொற்கள் வரிசையைத் தெளிவாகக் காட்டும் இடத்திலும் அது கட்டாயமில்லை. கதையோ கடிதமோ எழுதும்போது, முன்கதைக்குள் நுழையும் முதல் ஓரிரு வாக்கியங்களில் ‘ஹேட்’ போட்டு வாசகரை அழைத்துச் சென்றுவிட்டால், பிறகு சிம்பிள் பாஸ்டுக்கே திரும்பிவிடலாம். ஐயம் வந்தால் ‘ஹேட்’டை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள், பொருள் கெடவில்லையென்றால் எடுத்தது எடுத்ததாகவே இருக்கட்டும். “பேருந்து வந்தபோது நான் இரண்டு மணி நேரமாகக் காத்திருந்தேன்” என, ஒரு செயல் அதுவரை நீண்டதைச் சொல்லும்போது மட்டும் ‘ஹேட் பீன் வெயிட்டிங்’ என்ற நீண்ட வடிவம் வேண்டும்.

பழைய வழக்கத்தைச் சொல்லும்போது தமிழ் ஒரு வேடிக்கை செய்கிறது. “சிறு வயதில் தினமும் ஆற்றில் குளிப்போம்” என்கிறோம். வினைமுற்று எதிர்காலம், செய்தியோ என்றோ முடிந்த பழங்கதை. இதற்கு ஆங்கிலத்தில் ‘யூஸ்ட் டு’ இருக்கிறது: “வீ யூஸ்ட் டு பேத் இன் த ரிவர்”. ‘வீ வுட் பேத்’ என்றும் சொல்லலாம். ‘வுட்’ என்பது ‘வில்’லின் இறந்தகாலம் ஆதலால், ஆங்கிலமும் இந்த ஓரிடத்தில் நம்மைப் போலவே எதிர்காலத்திடம் கடன் வாங்கியிருக்கிறது. எனினும் செயலுக்கு மட்டுமே ‘வுட்’ பொருந்தும். கொல்லையில் முன்பு ஒரு கிணறு இருந்தது என்பதற்கு ‘தேர் யூஸ்ட் டு பி எ வெல்’ என்றுதான் சொல்லவேண்டும்.

பிறர் சொன்னதை எடுத்துச் சொல்லும்போதும் கவனம் தேவை. தமிழில் ‘என்று’ போட்டு, அவர் பேச்சை அப்படியே வைக்கிறோம்: மறுநாள் வருவேன் என்று சொன்னார். ஆங்கிலத்தில் சொன்னது இறந்தகாலம் என்றால், உள்ளே இருக்கும் வினையும் ஒரு படி பின்னுக்குப் போகும்: “ஹி செட் ஹி வுட் கம் த நெக்ஸ்ட் டே”. சொன்ன செய்தி இன்றும் உண்மையாக இருந்தால் பின்னுக்குத் தள்ளாமலும் விடலாம்.

பழகுவதற்கு, நேற்று நடந்ததைத் தமிழில் நான்கைந்து வரி எழுதி, ஒவ்வொரு வினைமுற்றையும் பார்த்து, இது எப்போது நடந்தது, எதற்கு முன்னால், எதன் நடுவே என்று கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். ஒரு மாதிரி: “நேற்று மாலை கடைக்குப் போயிருந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. நான் போவதற்குள் கடைக்காரர் கடையை அடைத்துவிட்டார். முன்பெல்லாம் பத்து மணி வரை திறந்து வைத்திருப்பார்.” இது ஆங்கிலத்தில், “லாஸ்ட் ஈவ்னிங் ஐ வென்ட் டு த ஷாப். இட் வாஸ் ரெய்னிங். பை த டைம் ஐ காட் தேர், த ஷாப்கீப்பர் ஹேட் க்ளோஸ்ட். ஹி யூஸ்ட் டு ஸ்டே ஓப்பன் டில் டென்” என்று ஆகும். ‘போயிருந்தேன்’ என்பதற்கு ‘ஹேட்’ வரவில்லை. ‘இருந்தார்’ என்ற சாயலே இல்லாத ‘அடைத்துவிட்டார்’ என்பதற்கு வந்திருக்கிறது.