கூர்க்கா பட்டாலியனில் நான் மொழி பழகிய கதை

மெட்ராஸ் ரெஜிமெண்டில் 16 வருடம் இருந்துவிட்டு, கூர்க்கா பட்டாலியன் ஒன்றுக்குக் கமாண்டிங் ஆபீசராகப் போனேன். "அடி கொல்லு" என்ற மெட்ராஸ் ரெஜிமெண்ட் போர் முழக்கத்தைக் கத்திப் பழகிய தொண்டைக்கு, கூர்க்காக்களின் "ஆயோ கூர்க்காலி" வரவே நாளானது. அதுகூடச் சின்ன விஷயம்.

தர்பாரில், அதாவது ஜவான்கள் எல்லாரையும் கூட்டிப் பேசும் கூட்டத்தில், இந்தியில் குறை கேட்டேன். "ஹஜூர்" (சரி ஐயா) என்ற பதிலோடு சரி. குறையே இல்லை என்று நினைத்துக்கொண்டேன், முட்டாள்தனமாக. "சாப், நேபாளியில் கேளுங்கள்" என்றார் பட்டாலியனின் மூத்த ஜேசிஓ-வான (ஜவானாகச் சேர்ந்து உயர்ந்த அதிகாரி) சுபேதார் மேஜர்.

அப்புறம் தினமும் மாலை அவரிடமே அரை மணி நேரம் பாடம். ஜவான்களிடம் தப்புத்தப்பாகப் பேசினேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மூன்றாம் மாதம் ஒருவன் தானாக வந்து நின்றான். பஸ் நிற்கும் இடத்திலிருந்து அவன் வீட்டுக்கு இரண்டு நாள் மலை ஏற வேண்டுமாம். அன்றே அவன் லீவுத் தாளைத் திருத்தினேன்.