பரணிலிருந்து இறக்கிய ரெக்கார்ட் பிளேயரா? முதல் காசு ஊசிக்கு

கும்பகோணம் பக்கம் பழைய வீடுகளில் பரணைத் துழாவினால் ரெக்கார்ட் பிளேயர் ஒன்று கிடைத்துவிடும். உடனே புது ஸ்பீக்கருக்கு அலையாதீங்க. முதலில் ஊசியை மாத்துங்க. தேய்ந்த ஊசி சத்தத்தை மட்டுமா கெடுக்கும், இசைத்தட்டின் பள்ளத்தையே அறுத்துடும். அடுத்து, பிளேயரை மட்டம் பார்த்து வைத்து, ஊசி அழுத்தத்தை கார்ட்ரிட்ஜுக்கு (ஊசி பொருத்தியிருக்கும் சின்னப் பெட்டி) சொன்ன அளவுக்குக் கொண்டுவாங்க, பெரும்பாலும் 2 கிராம் பக்கம்.

ஐப்பசி அடைமழை ஈரத்தில் தட்டில் பூஞ்சணம் பிடிக்கும். டிஸ்டில்டு வாட்டரில் லேசாக நனைத்த மெல்லிய துணியால், பள்ளத்தின் போக்கிலேயே துடையுங்க. நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி மாதிரி, நிமிஷத்துக்கு 78 சுற்று சுத்துற பழைய தட்டு இருந்தால், எல்பி (பின்னாடி வந்த நீண்ட நேரத் தட்டு) ஊசி ஆகாது. அதன் பள்ளம் அகலம், தனி ஊசி வேணும். அரக்குத் தட்டு என்பதால் ஸ்பிரிட் பக்கமே போகாதீங்க, கரைஞ்சிடும்! ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எல்லாம் அறுவடைக்கு அப்புறம் பார்த்துக்கலாம்.