பிட்சரை அப்புறம் சொல்லலாம்: பெங்களூர் ப்ரூபப்புக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

முதல்முறை பெங்களூரில் ஒரு ப்ரூபப்புக்கு, அதாவது பீரை அங்கேயே காய்ச்சி ஊற்றுகிற பப்புக்கு, போனபோது நாங்கள் ஐந்து பேர், சனிக்கிழமை, ராத்திரி எட்டு மணி. வாசலில் பெயரை எழுதிக்கொடுத்துவிட்டு ஒன்றே முக்கால் மணி நேரம் நடைபாதையில் நின்றோம். உள்ளே போய் உட்கார்ந்ததும் பசியிலும் எரிச்சலிலும் மெனுவில் கண்ணில் பட்ட ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) என்ற பீர் ரகத்தில் ஒன்றரை லிட்டர் பிட்சர், அதாவது ஒரு பெரிய ஜாடி, சொல்லிவிட்டோம். வேப்பங்கொழுந்தை அரைத்துக் கரைத்தது மாதிரி கசந்தது. "நீ குடிடா", "இல்ல மச்சி, நீ குடி" என்று ஆளாளுக்குத் தள்ளிவிட்டு, கடைசியில் பாதியை மேஜையிலேயே விட்டுவிட்டு, காசைக் கொடுத்துவிட்டு வந்தோம். பீர் மேல் தப்பில்லை, அந்த ரகம் அப்படித்தான் கசக்கும். டாஸ்மாக்கில் பழகியவர்கள் நாங்கள். அங்கே நாம் கேட்கிற ஒரே கேள்வி "கூலிங் இருக்கா?" என்பதுதான், பிராண்டெல்லாம் அதற்கப்புறம்.

சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் சனி, ஞாயிறுக்குப் பெங்களூர் போகும் கும்பல் இன்னமும் இதே தப்பைத்தான் செய்துகொண்டிருக்கிறது. அதனால்தான் இது.

இந்திராநகரையே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். அங்கே 100 அடி சாலையில் இருக்கும் டாய்ட் என்ற ப்ரூபப் 2010 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது, ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் பெயர்களில் அதுவும் ஒன்று. மெஜஸ்டிக்கில் ரயிலிலிருந்து இறங்கினால் பர்ப்பிள் லைன் மெட்ரோ நேராக இந்திராநகரில் கொண்டுபோய் விடும், அங்கிருந்து நடக்கிற தூரம்தான். வண்டி எடுத்துக்கொண்டு போகாதீர்கள், காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். வயது 21 ஆகியிருக்க வேண்டும். பார்க்கச் சின்னப் பையன் மாதிரி இருந்தால் ஐடி கேட்பார்கள், கையில் வைத்திருங்கள்.

எந்த நேரத்தில் போவது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. வார நாளில், மதியம் மூன்று மணிவாக்கில் போங்கள். லீவு போட்டாவது போங்கள் என்பேன். கூட்டம் இருக்காது, பாட்டுச் சத்தம் பேச விடும், சர்வருக்கும் உங்களிடம் நின்று நாலு வார்த்தை பேச நேரமிருக்கும். காய்ச்சுகிற நாளாக இருந்தால் இன்னொன்றும் கிடைக்கும். கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பெரிய ஸ்டீல் டாங்க்கில் முளைகட்டி உலர்த்திய பார்லி வெந்நீரில் ஊறிக்கொண்டிருக்கும்போது ஒரு வாசனை வரும், அசல் ஹார்லிக்ஸ் வாசனை. ஹார்லிக்ஸும் அதே மால்ட்தானே. வெள்ளி, சனி ராத்திரிதான் முடியும் என்றால் ஏழு மணிக்கு முன்னாடியே உள்ளே இருங்கள், இல்லாவிட்டால் எங்களை மாதிரி நடைபாதைதான்.

உட்கார்ந்ததும் முதலில் சாப்பாடு சொல்லுங்கள். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். நமக்கு டச்சிங்ஸ் என்றால் ஒரு கிண்ணம் சுண்டல், ஊறுகாய், மாங்காய்க் கீற்று, அவ்வளவுதான். பியர் பாதி போனபிறகுதான் சிக்கன் ஞாபகமே வரும். வெறும் வயிற்றில் போகும் ஆல்கஹால் ரொம்ப வேகமாக ரத்தத்தில் ஏறும். வயிற்றில் ஏதாவது இருந்தால், அதிலும் கொஞ்சம் கொழுப்பும் புரதமும் இருந்தால், மெதுவாக ஏறும். கிச்சனிலிருந்து தட்டு வர எப்படியும் இருபது நிமிஷம் ஆகும், அதற்குள் ஒரு கிளாஸ் காலியாகிவிடும் என்பதால் முதல் தட்டை உட்கார்ந்த கையோடு சொல்லிவிடுவதுதான் புத்திசாலித்தனம். "மினரலா, ரெகுலரா?" என்று தண்ணீர் கேட்பார்கள். ரெகுலர் என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள், பெரிய ஜாடியாகக் கேளுங்கள். ஒரு கிளாஸ் பீருக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் மறுநாள் காலை தலை உங்களுடையதாகவே இருக்கும்.

இப்போது பீருக்கு வருவோம்.

சாம்ப்ளர் என்று ஒன்று இருக்கும். பலகையில் குழி வெட்டி, ஐந்தாறு குட்டிக் கிளாஸ்களில் அன்றைக்கு டேப்பில், அதாவது குழாயில், இருப்பதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித் தருவார்கள். ஒரு மேஜைக்கு ஒன்று சொல்லி எல்லோரும் பகிர்ந்துகொண்டாலே போதும். சாம்ப்ளர் இல்லாத இடத்தில், "ப்ரோ, ஒரு வாய் டேஸ்ட் பார்க்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். வெளிர் நிறத்திலிருந்து கறுப்புக்குப் போங்கள், கசப்பு குறைந்ததிலிருந்து கசப்பு கூடியதற்குப் போங்கள். முதலிலேயே ஐபிஏ-வை வாயில் விட்டால் அதற்கப்புறம் வரும் மென்மையான எதுவும் நாக்குக்குத் தண்ணீர்தான்.

நம் ஆட்களுக்கு ஆரம்பிக்க ஏற்றது கோதுமை பீர். டாய்ட்டில் வைஸ் என்று ஒன்று ஊற்றுவார்கள், ஜெர்மனியின் பவேரியா பக்கத்து ரகம். கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் கலங்கலாக இருக்கும், கொஞ்சம் பதநீர் மாதிரி. "என்னப்பா இது, கெட்டுப்போச்சா?" என்று திருப்பி அனுப்பியவரை பக்கத்து மேஜையில் பார்த்திருக்கிறேன். கெடவில்லை, வடிகட்டவில்லை, அவ்வளவுதான். கோதுமையின் புரதமும் ஈஸ்ட்டும் மிதக்கின்றன. மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் வாழைப்பழ வாசனையும் பின்னாடியே லேசாகக் கிராம்பும் வரும். உள்ளே வாழைப்பழமும் இல்லை, கிராம்பும் இல்லை, இரண்டுமே அந்த ரக ஈஸ்ட் நொதிக்கும்போது தானாகச் செய்கிற வேலை. பழுத்த பூவன் தாரைத் தொங்கவிட்ட பெட்டிக்கடையில் நிற்கிற மாதிரி இருக்கும்.

அதற்கடுத்து பெல்ஜியம் பாணி விட்பீர். இதில் நிஜமாகவே மசாலா போடுவார்கள், நம் வீட்டுக் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும். இந்த ரகம் பெல்ஜியத்தில் கிட்டத்தட்ட அழிந்தேபோய், ஹூகார்டன் என்ற ஊரில் பியர் செலிஸ் என்ற பால்காரர் 1966-இல் மறுபடியும் காய்ச்ச ஆரம்பித்ததால் பிழைத்தது (அவர் முதல் பெயரே பியர் என்பது தமிழில்தான் வேடிக்கை). டாய்ட்டில் இந்த வகைக்கு டின்டின் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பாஸ்மதி ப்ளாண்ட் என்று இன்னொன்று உண்டு, பெயரிலேயே இருக்கிற மாதிரி பாஸ்மதி அரிசி சேர்த்தது. அரிசி சேர்ந்தால் பீர் லேசாகும், வாயில் இனிப்பு தங்காது, வெயிலுக்குச் சரியாக இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் போனால் ஊரில் பல இடங்களில் மாம்பழ பீர் போட்டிருப்பார்கள். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை, மாம்பழத்தைப் பழமாகவே சாப்பிடலாம் என்பது என் கட்சி.

ஸ்டவுட் என்கிற கறுப்பு பீரைக் கடைசிக்கு வையுங்கள். நைட்ரோ ஸ்டவுட் கிடைத்தால் அதை ஊற்றுவதைப் பாருங்கள். கிளாஸுக்குள் பழுப்பு அலை கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே இருக்கும், ஒன்றிரண்டு நிமிஷம் கழித்து அடியில் கறுப்பாகவும் மேலே வெண்ணெய் மாதிரி நுரையாகவும் பிரிந்து நிற்கும். அதுவரை கை வைக்காதீர்கள். நைட்ரஜன் குமிழிகள் ரொம்பச் சின்னவை என்பதால் வாயில் ஃபில்டர் காபி டிகாக்‌ஷனில் பால் நுரை சேர்ந்த மாதிரி ஒரு வழவழப்பு. கறுப்பாக இருக்கிறதே என்று ஸ்ட்ராங் என்று நினைத்துவிட வேண்டாம், நிறம் வறுத்த பார்லியிலிருந்து வருவது, போதைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

போதைக்குப் பார்க்க வேண்டியது மெனுவில் பெயருக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் சதவீதத்தை. இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால் வாழ்நாளுக்கும் மறக்காது. 5 சதவீத பீர் அரை லிட்டர் குடித்தால் 25 மில்லி சுத்த ஆல்கஹால். நம் ஊர் விஸ்கி 42.8 சதவீதம், ஒரு ஸ்மால் 30 மில்லியில் ஏறக்குறைய 13 மில்லி. அதாவது பெரிய கிளாஸ் வைஸ் ஒன்று, இரண்டு ஸ்மாலுக்குச் சமம். பெல்ஜியன் ட்ரிப்பெல் மாதிரி 8 சதவீதத்தில் ஒன்று இருந்தால் அதைச் சின்ன 330 மில்லி கிளாஸில் தருவார்கள், "என்னடா இத்தனூண்டு" என்று தோன்றும், கணக்குப் போட்டால் அதிலும் 26 மில்லி. "பீர்தானே மச்சி" என்று நாலு கிளாஸ் ஏற்றிவிட்டுப் படியில் தடுமாறுகிறவர்கள் எல்லாம் இந்தக் கணக்கைப் போடாதவர்கள்.

கூலிங் விஷயத்துக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் இதில்தான் நாம் பிடிவாதமாக இருக்கிறோம். ஐஸ் கேட்காதீர்கள். ரொம்பச் சில்லென்று இருந்தால் நாக்கு மரத்துப்போகும், வாசனை மேலே எழும்பாது, மேலே சொன்ன வாழைப்பழம், கிராம்பு, கொத்தமல்லி எல்லாமே வீண். அதேபோல நுரையில்லாமல் ஊற்றச் சொல்லிச் சண்டை போடாதீர்கள், இரண்டு விரல் நுரை ஏமாற்று இல்லை, வாசனையைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான். ஏமாற்றைப் பார்க்க வேண்டுமானால் கிளாஸின் உள்சுவரைப் பாருங்கள். பீருக்குள் பக்கவாட்டில் குமிழிகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தால் கிளாஸ் சரியாகக் கழுவவில்லை என்று அர்த்தம், எண்ணெயோ சோப்போ மிச்சமிருக்கும். மாற்றித் தரச் சொல்லலாம், தயங்க வேண்டியதில்லை. வெண்ணெய் தடவிய பாப்கார்ன் மாதிரி வாசனை அடித்தாலும் அது பெரும்பாலும் காய்ச்சியதில் வந்த குறைதான், "இது கொஞ்சம் சரியா இல்ல பாஸ், வேற கொடுங்க" என்று பதமாகச் சொன்னால் போதும். ஆனால் உங்களுக்குக் கசப்பு பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பி அனுப்புவது நியாயமில்லை, அதற்குத்தான் முதலிலேயே ஒரு வாய் டேஸ்ட் பார்க்கச் சொன்னேன்.

சாப்பாட்டை எதோடு எதைச் சேர்ப்பது என்பதில் எனக்குத் தெரிந்து ஒரே ஒரு விஷயம் நிஜமாகவே முக்கியம்: கார ஐட்டத்தோடு ஐபிஏ வேண்டாம். ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தருகிற பூ) கசப்பு மிளகாய் எரிச்சலை இன்னும் தூக்கிவிடும். ஆந்திரா சில்லி சிக்கனும் ஐபிஏ-வும் ஒன்றாகச் சாப்பிட்டு என் நண்பன் ஒருவன் கண்ணில் தண்ணீரோடு தயிர் சாதம் இருக்கிறதா என்று சர்வரைக் கேட்டான். அந்த மாதிரி காரத்துக்கு வைஸ், விட் இரண்டும் இதமாக இருக்கும். பிட்சா, சீஸ் பக்கம் போனால் ஐபிஏ ஜம்மென்று சேரும். ஸ்டவுட்டுக்கு சாக்லேட் கேக் ஒன்று சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டீர்கள். மற்றதெல்லாம் உங்கள் வாய், உங்கள் இஷ்டம்.

கும்பலில் குடிக்காதவர் ஒருவர் கட்டாயம் இருப்பார், சைவம் ஒருவர் இருப்பார், சில நேரம் இரண்டும் ஒரே ஆள். அவரைக் கூட்டிக்கொண்டு போய் நாலு மணி நேரம் லைம் சோடாவோடு உட்காரவைத்துவிட்டு, பில்லை மட்டும் சமமாகப் பிரிப்பது அநியாயம். குடித்ததைத் தனியாகவும் சாப்பிட்டதைத் தனியாகவும் பில் போடச் சொல்லி ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள், கடைசியில் கேட்டால் அவர்களுக்கும் தலைவலி. பில் வந்ததும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம் வரும், மது ஜிஎஸ்டிக்குள் வராது. சர்வீஸ் சார்ஜ் என்று தானாகவே சேர்த்திருந்தால் அது கட்டாயமில்லை, எடுக்கச் சொல்லலாம். ஆனால் அந்த மூன்று மணி நேரம் உங்கள் சந்தேகத்தையெல்லாம் பொறுமையாகத் தீர்த்த பையனுக்குக் கையில் ஏதாவது கொடுத்துவிட்டு எழுந்திருங்கள்.

இப்போது வண்டி விஷயம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால், அதைத் தாண்டினால் கேஸ். பலருக்கு ஒரு பெரிய கிளாஸே அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விடும், சின்ன உடம்புக்காரர் தாண்டியே விடுவார். முதல்முறை மாட்டினாலே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். காபி குடித்தாலோ முகம் கழுவினாலோ அது இறங்காது, நேரம் ஒன்றுதான் மருந்து, ஒரு அரை லிட்டர் கிளாஸுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். பப் ராத்திரி ஒரு மணி வரை இருக்கும், மெட்ரோ பதினொரு மணிவாக்கிலேயே ஓய்ந்துவிடும். பத்தேகாலுக்குக் கடைசி ஆர்டரை முடித்துக்கொண்டு பத்தே முக்காலுக்கு ஸ்டேஷன் படி ஏறிவிட்டால் தப்பித்தீர்கள். தவறவிட்டால் 100 அடி சாலையில் ஆட்டோக்காரரோடு பேரம். அந்த நேரத்தில் உங்கள் கன்னடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மீட்டர் போட மாட்டார்.