கசிந்த சட்டியும் கஞ்சி வைத்தியமும்

மானாமதுரையில் ஒரு மண்பாண்டத் தொழிலாளர் வீட்டு வாசலில் குழம்புச்சட்டி வாங்கினேன். கடம் செய்யும் ஊராயிற்றே என்று சுண்டிப் பார்த்தேன். கணீரென்றது, விரிசல் இல்லை. அன்றே புளிக்குழம்பு வைத்தேன். அடியில் கசிந்து அடுப்பே நனைந்தது.

மறுவாரம் சட்டியும் கையுமாகப் போய் நின்றேன். அந்த அம்மா சிரித்துவிட்டார். "பழக்காமலா அடுப்பில் ஏற்றினாய், தம்பி?"

அவர் சொன்னபடி இரண்டு நாள் கழுநீரில் ஊறவைத்தேன். பிறகு கெட்டியான அரிசிக் கஞ்சியைச் சிறுதீயில் கொதிக்கவிட்டு, அதிலேயே ஆறவிட்டேன். மண்ணின் நுண்துளைகளில் கஞ்சிப்பசை இறங்கி அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான் சூட்சுமம். கழுவி உலர்த்தி, உள்ளே நல்லெண்ணெய் தடவினேன். இப்போது சொட்டுக்கூடக் கசிவதில்லை. சோப்பு போடுவதில்லை, மண் அதையும் குடித்துவிடும். தேங்காய் நாரே போதும்.