ஓடிக்கொண்டிருக்கும் கோச்சிங் கோர்ஸைச் சரிசெய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்ணா நகர்ப் பக்கம் போட்டித் தேர்வு கோச்சிங் சென்டர்களில் புதிதாக அகாடமிக் கோஆர்டினேட்டராகச் சேருகிறவர்களுக்கு முதல் மாதமே ஒரு வேலை வந்துவிடும். "நம்ம குரூப் 4 பேட்சைக் கொஞ்சம் பாருங்க, என்ன இம்ப்ரூவ் பண்ணலாம்னு ஒரு ரிப்போர்ட் குடுங்க." இதே வேலையில் ரொம்ப காலமாக இருப்பதால் அப்படிப்பட்ட ரிப்போர்ட்டுகள் என் பார்வைக்கும் வரும். படித்தால், ஆரம்பத்தில் நான் எழுதியவற்றை யாரோ நகலெடுத்த மாதிரி இருக்கும். ஆசிரியர் நேரத்துக்கு வருகிறாரா, மைக் கேட்கிறதா, ஏசி ஓடுகிறதா என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன், அதைப் பார்க்கத் தனியாக ஆள் தேவையில்லை.

பேனரை ரிசல்ட் என்று நம்புவது

வாசலில் தொங்கும் பேனரில் இருக்கும் முகங்கள் எத்தனை பேர் சேர்ந்ததில் வந்தவை என்று கேளுங்கள், பெரும்பாலும் பதில் இருக்காது. அதில் டெஸ்ட் பேட்சுக்கு மட்டும் வந்தவர் இருப்பார், வேறு சென்டரில் முழுக் கோர்ஸ் படித்துவிட்டு இங்கே கடைசி ரிவிஷனுக்கு எட்டிப் பார்த்தவர் இருப்பார். யூபிஎஸ்சி பக்கம் இது இன்னும் மோசம். இன்டர்வியூ பயிற்சிக்கு மட்டும் வந்தவர்களையும் தங்கள் மாணவர்களாகக் காட்டிய சென்டர்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அபராதமே போட்டது. தேர்வானவர் எந்தக் கோர்ஸில், எவ்வளவு காலம் படித்தார் என்பதை விளம்பரத்தில் சொல்ல வேண்டும் என்று 2024 நவம்பரில் வழிகாட்டு நெறிமுறையும் வந்துவிட்டது. விளம்பரத்துக்கே அந்தக் கணக்கு வேண்டுமென்றால் உள்ளே எழுதும் ரிப்போர்ட்டுக்கு வேண்டாமா?

அப்புறம், ரிசல்ட் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பதும் ஆகாது. 2022 ஜூலையில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு முடிவு 2023 மார்ச்சில்தான் வந்தது. அதற்குள் அடுத்த பேட்ச் பாதிப் பாடத்தைத் தாண்டியிருக்கும்.

கடைசி வாரத்தில் ஃபீட்பேக் ஃபார்ம் கொடுப்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒரு சென்டரில் மாலை பேட்ச். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் நிறைய, ஆவடியிலிருந்தும் அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்தும் நேராக வருகிறவர்கள். சேரும்போது ஹால் நிறைந்திருந்தது, முடியும்போது முன் வரிசைகள் மட்டும். கடைசி வாரம் ஃபார்ம் கொடுத்தார்கள், எல்லாரும் 'மிக நன்று' என்று எழுதியிருந்தார்கள். எழுதத்தானே செய்வார்கள், பிடிக்காதவர்கள்தான் எப்போதோ போய்விட்டார்களே! ஆலோசனைப் பகுதியில் பலர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தார்கள். வாரத் தேர்வு முடிந்ததும் எல்லாருடைய பெயரையும் மார்க்கையும் வாட்ஸப் குரூப்பில் ரேங்க் போட்டு அனுப்புவார்கள், அது நல்ல ஊக்கமாக இருக்கிறது, தினமும் ஒரு டெஸ்ட் வைத்துத் தினமும் அப்படிப் போடுங்கள் என்று. நிர்வாகம் உடனே சரி என்றுவிட்டது.

நான் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைக் கேட்டேன். மாதா மாதம் புதிதாக எழுதுகிறார்கள், அதில் அந்த மாதம் வருகிறவர்களின் பெயர் மட்டும்தான். நின்றுபோனவரின் பெயர் அடுத்த மாத ரிஜிஸ்டரிலேயே கிடையாது. யார் போனார்கள், எப்போது போனார்கள் என்பதற்குத் தடயமே இல்லாமல் ஒரு கோர்ஸை 'மதிப்பிட்டு' முடித்திருக்கிறார்கள். ஃபீஸ் ரசீதுப் புத்தகத்தை வைத்து முதல் மாதப் பட்டியலைத் திரும்ப எழுதி, ஒவ்வொருவரும் கடைசியாக வந்த வாரத்தைக் குறித்தபோது, போனவர்களில் பெரும்பாலோர் முதல் சில ரேங்க் பட்டியல்கள் வெளியான வாரங்களிலேயே போயிருந்தது தெரிந்தது.

ஃபோன் செய்தால் எடுத்த எடுப்பில் எல்லாரும் 'குடும்பச் சூழ்நிலை சார்' என்பார்கள். ஏன் நின்றீர்கள் என்று கேட்டால் அந்தப் பதில்தான் வரும். கடைசியாக எந்த வகுப்புக்கு வந்தீர்கள், அந்த வாரம் என்ன நடந்தது என்று கேளுங்கள். ஃபீஸ் பாக்கி கேட்கும் ஆளை விட்டு மட்டும் ஃபோன் பண்ணாதீர்கள், யாரும் எடுக்க மாட்டார்கள். துணிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு அம்மா சொன்னார்: "எங்க அண்ணன் பொண்ணும் அதே குரூப்ல இருக்கா சார். வாராவாரம் என் மார்க்கை அவ பார்க்கிறா. வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்சுபோகுது." பத்தாம் வகுப்புக்குப் பிறகு கணக்கைத் தொடாதவர். ஒழுங்காக வந்திருந்தால் தேறியிருக்கக் கூடியவர் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

ஆக, இருந்தவர்கள் எதைக் கூட்டச் சொன்னார்களோ அதுதான் மற்றவர்களைத் துரத்தியிருக்கிறது. அடுத்த பேட்சில் மார்க்கைத் தனித்தனியாக அனுப்பச் சொன்னோம், குரூப்பில் எந்தக் கேள்வியில் நிறையப் பேர் தவறினார்கள் என்பது மட்டும். கூட்டம் கலையவில்லை. ஆனால் கடைசி மாதிரித் தேர்வின் சராசரி முந்தைய பேட்சைவிடக் குறைந்துவிட்டது, நிர்வாகத்திலிருந்து உடனே ஃபோன். குறையத்தான் செய்யும்! முன்பு பாதியில் ஓடிப்போயிருக்கக் கூடியவர்கள் இப்போது உட்கார்ந்து தேர்வு எழுதுகிறார்கள். எழுதியவர்களின் சராசரியைப் பார்க்காதீர்கள், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் குறிப்பிட்ட மார்க்கைத் தாண்டினார்கள் என்று பாருங்கள். இதைப் புரியவைக்க எனக்கு ஒரு மாலை முழுவதும் போனது, முழுதாகப் புரிந்ததா என்பது வேறு விஷயம்.

டாப்பர்களைக் கூப்பிட்டு ஆலோசனை கேட்பது

மேலே சொன்னதேதான்.

கோர்ஸோடு வினாத்தாளையும் மாற்றிவிடுவது

போன பேட்சின் மார்க்கையும் இந்தப் பேட்சின் மார்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கிராஃப் போட்டிருப்பார்கள். கேள்வி எடுத்தவர் மாறியிருப்பார். இப்போது மார்க் ஏறியது பாடம் நன்றாக நடந்ததாலா, தாள் சுலபமாக இருந்ததாலா? ஒரு இருபத்தைந்து கேள்வியை வெளியே விடாமல் வைத்துக்கொண்டு இரண்டு பேட்சுக்கும் அதே கேள்விகளைக் கலந்து கொடுங்கள், ஒப்பீட்டை அவற்றில் மட்டும் செய்யுங்கள்.

கேள்விகளையும் சோதியுங்கள். மார்க் வரிசையில் மேலே உள்ள 27 சதவீதம், கீழே உள்ள 27 சதவீதம் என்று பிரித்து ஒவ்வொரு கேள்விக்கும் எந்தப் பக்கம் அதிகம் பேர் சரியாகப் போட்டார்கள் என்று எண்ணுவது பழைய முறை, எக்செல்லே போதும். கீழே உள்ளவர்கள் அதிகம் சரியாகப் போட்ட கேள்வி கிடைத்தால் முதலில் விடைக்குறிப்பைப் பாருங்கள். பல நேரம் தப்பு அங்கேதான் இருக்கும்.

மணிநேரத்தை மார்க்கோடு ஒப்பிடாதது

குரூப் 4-இல் 200 கேள்வி, 300 மார்க். அதில் 2022 முதல் தமிழ் தகுதி மற்றும் மதிப்பீட்டுத் தேர்வு 100 கேள்வி, 150 மார்க். அதில் 40 சதவீதம், அதாவது 60 மார்க், எடுக்காவிட்டால் இரண்டாம் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். பொது அறிவு 75, திறனறிவு 25. இப்போது உங்கள் டைம்டேபிளை எடுத்து மணிநேரத்தைக் கூட்டிப் பாருங்கள். தமிழ் 'தாய்மொழிதானே, அவங்களே படிச்சுப்பாங்க' என்று ஞாயிறு காலைக்குத் தள்ளப்பட்டிருக்கும், நடப்பு நிகழ்வுகள் வாரம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும், ஏனென்றால் அந்த ஆசிரியர் யூடியூபில் பிரபலம். சிலபஸ் மாறினாலும் டைம்டேபிள் மாறாமல் இருக்கும் சென்டர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

கூடுதல் மெட்டீரியல்

வேண்டாம். சமச்சீர்ப் புத்தகத்தையே இன்னும் பாதிப் பேர் முடிக்கவில்லை.

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றுவது

எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

ஒரு டெஸ்டை வைத்து ஸ்பெஷல் கிளாஸைப் பாராட்டுவது

ஒரு தேர்வில் கடைசியில் வந்தவர்களைப் பிரித்து ஸ்பெஷல் கிளாஸ் வைப்பார்கள், அடுத்த தேர்வில் அவர்கள் மார்க் ஏறும், உடனே கோர்ஸ் வெற்றி. அன்றைக்குக் காய்ச்சலோடு வந்தவர், ஓஎம்ஆர் ஷீட்டில் வட்டத்தை மாற்றிக் கறுப்படித்தவர், நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்து எழுதியவர் என்று அந்தக் கடைசிக் கூட்டத்தில் பலர் தற்செயலாக விழுந்தவர்கள். ஒன்றும் செய்யாவிட்டாலும் அடுத்த முறை கொஞ்சம் ஏறுவார்கள். இரண்டு மூன்று தேர்வின் மார்க்கைச் சேர்த்துப் பார்த்துப் பிரியுங்கள். இடம் போதாமல் எப்படியும் சிலரை அடுத்த சுற்றுக்குத் தள்ளத்தான் போகிறீர்கள், அதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுச் செய்யுங்கள். காத்திருப்பவர்களும் அதே அளவு ஏறியிருந்தால் அந்த கிளாஸுக்குக் கொடுக்கும் சம்பளத்தை வேறு எதற்காவது செலவழிக்கலாம்.