இன்டர்வியூவில் கோட்டைவிடும் இடங்கள்

இன்டர்வியூ தேதி வந்ததும் பலர் செய்யும் முதல் வேலை, 'அடிக்கடி கேட்கப்படும் 100 கேள்விகள்' என்று தேடி மனப்பாடம் பண்ண உட்காருவது. ஆனால் எதிரே உட்காரப்போகிறவர் கையில் இருக்கும் கேள்வித்தாள் உங்கள் ரெஸ்யூம்தான். அதை நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

நண்பனின் ரெஸ்யூமை வாங்கி, பெயரை மாற்றி, ஜாவா, பைத்தான், எஸ்கியூஎல் என்று அடுக்கிவிட்டுப் போகிறவர்கள் மாட்டுவது இங்கேதான். எஸ்கியூஎல் கண்ணில் பட்டால் "இன்னர் ஜாயினுக்கும் லெஃப்ட் ஜாயினுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்பார்கள். அதில் திணறினால் நன்றாகவே தெரிந்த ஜாவா மீதும் சந்தேகம் வந்துவிடும். அம்பத்தூர், ஒரகடம் தொழிற்சாலைகள் பக்கம் போகும் டிப்ளமோக்காரர்களுக்கும் இதே கதைதான். 'சிஎன்சி (கம்ப்யூட்டர் இயக்கும் மெஷின்) தெரியும்' என்று எழுதினால், "எந்தக் கன்ட்ரோலர்? ஃபனுக்கா, சீமென்ஸா?" என்பதுதான் அடுத்த கேள்வி.

கல்லூரி ப்ராஜெக்ட் இன்னொரு வம்பு. "நாங்க ஒரு வெப்சைட் பண்ணோம் சார்."

"அதில் நீங்க என்ன பண்ணீங்க?"

"டாக்குமென்டேஷன் சார்."

பேச்சு அங்கேயே முடிந்தது. "பதிவுப் பக்கத்தை நான் எழுதினேன். ஒரே மெயில் ஐடியில் இரண்டு முறை பதிவு செய்ய முடிந்தது. டேட்டாபேஸில் அதைத் தடுத்தேன்" என்று ஒருவர் சொன்னால், வேலை சின்னதுதான், ஆனால் அவர் கை வைத்துச் செய்திருக்கிறார் என்பது தெரிந்துவிடும். இதை உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாலும் எடுபடும். அப்பா தொழில், சொந்த ஊர், கூடப்பிறந்தவர்கள் என்று ஒப்பிக்கும் அழகான ஆங்கில அறிமுகம் இந்த அளவுக்கு உதவாது.

காசு வாங்கிக்கொண்டு இரண்டு வருடப் போலி அனுபவம் 'போட்டுத் தரும்' ஆட்கள் இருக்கிறார்கள். கிட்டவே போகாதீர்கள். பின்னணிச் சரிபார்ப்பில் பிஎஃப் கணக்கைப் பார்ப்பது இப்போது சகஜம். எந்த நிறுவனம் எந்த மாதம் பணம் கட்டியது என்பது அதில் அப்படியே இருக்கும். ஆஃபர் கைக்கு வந்த பிறகும் வேலை போகும்.

இடத்தைச் சரியாகப் பார்க்காமல் கிளம்புவதும் உண்டு. சென்னையில் ஒரே கம்பெனிக்கு சிறுசேரியில் ஒன்று, சோழிங்கநல்லூரில் ஒன்று, கிண்டியில் ஒன்று என்று அலுவலகங்கள் இருக்கலாம். மெயிலில் கட்டடப் பெயர் வரை படியுங்கள். மெட்ரோ வேலை நடக்கும் ஓஎம்ஆர் சாலையில் மேப் காட்டும் நேரத்தை அப்படியே நம்ப முடியாது. வாசலில் அடையாள அட்டை காட்டி, விசிட்டர் பாஸ் வாங்கி, பெரிய வளாகம் என்றால் உள்ளேயும் நடக்க வேண்டும்.

ஆன்லைன் இன்டர்வியூ என்றால் ஒரே விஷயம்: இன்னொரு திரையைப் பார்த்துப் படிக்காதீர்கள். கண் இடமும் வலமும் ஓடுவது எதிரே இருப்பவருக்கு நன்றாகவே தெரியும்.

சம்பளப் பேச்சில் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். வருடம் 6 லட்சம் சிடிசி (உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) என்றதும் மாதம் 50,000 என்று கணக்குப் போட்டு, வேளச்சேரியில் வீடு பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். அடிப்படைச் சம்பளம் மாதம் 25,000, வேரியபிள் (வேலையைப் பொறுத்துக் கூடக் குறைய வரும் தொகை) வருடத்துக்கு 60,000 என்று வையுங்கள். நிறுவனம் கட்டும் 12 சதவீத பிஎஃப் வருடத்துக்கு 36,000, கிராஜுட்டி (பணிக்கொடை) சுமார் 14,400. இவையெல்லாம் அந்த 6 லட்சத்துக்குள்ளேயே அடக்கம். உங்கள் பங்கு பிஎஃப் மாதம் 3,000-மும் போனால் கைக்கு வருவது 38,000-க்குக் கொஞ்சம் கீழே. அதனால் "டேக் ஹோம் எவ்வளவு வரும்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்டதற்காக யாரும் வேலையைப் பறிக்க மாட்டார்கள்.

அப்புறம், டெபாசிட், ட்ரெய்னிங் கட்டணம், லேப்டாப் கட்டணம் என்று பணம் கேட்டால் அது வேலையே இல்லை. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது. ஜிபேயில் ஏற்கெனவே பணம் அனுப்பி ஏமாந்திருந்தால், அவர்களிடம் கெஞ்சிக்கொண்டிருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.