கேமரா வாங்கும் முன் கெட்டுப்போன படங்களைப் பாருங்கள்

"எந்தக் கேமரா வாங்கலாம்?" என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இப்போது கையில் இருப்பதை வைத்து என்ன படம் எடுக்க முடியவில்லை? கையில் இருப்பது போனாக இருந்தாலும் சரி, பழைய கேமராவாக இருந்தாலும் சரி, இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது. தெரியாதவர் எதை வாங்கினாலும் பழைய படத்தையேதான் கூடுதல் பிக்சலில் எடுப்பார்.

அந்தப் பதில் உங்கள் போனிலேயே இருக்கிறது. அதைத் தோண்டி எடுப்பதிலிருந்து ஆரம்பிப்போம்.

படி 1: சரியில்லாத படங்களைப் பிரித்து வையுங்கள்

கடைசியாக எடுத்தவற்றில் மனதுக்குப் பிடிக்காத படங்களை மட்டும் ஒரு ஆல்பத்தில் போடுங்கள். ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்து, அது ஏன் கெட்டது என்று கண்டுபிடியுங்கள். காரணங்கள் பெரும்பாலும் இவற்றுக்குள் அடங்கிவிடும்.

படம் முழுவதும், சுவர், மேஜை, ஆள் எல்லாமே, ஒரே திசையில் இழுபட்டதுபோல் இருந்தால் கை ஆடியிருக்கிறது. சுவர் கூர்மையாக இருந்து ஓடும் குழந்தை மட்டும் மங்கியிருந்தால், குழந்தையின் வேகத்துக்கு ஷட்டர், அதாவது ஒளியை உள்ளே விட்டு மூடும் திரை, ஈடுகொடுக்கவில்லை. ஆள் மங்கி, அவருக்குப் பின்னால் இருக்கும் செடி தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தப்பிவிட்டது. எதுவும் இழுபடவில்லை, ஆனால் மணல் தூவியதுபோல் புள்ளிபுள்ளியாக இருக்கிறது என்றால் வெளிச்சம் போதாமல் கேமரா ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியை உணரும் திறனின் அளவை, ஏற்றியிருக்கிறது. பறவை ஒரு புள்ளியாகத் தெரிந்தால் தூரம்தான் பிரச்சினை. இவை எதுவுமே இல்லாமலும் படம் சப்பென்று இருக்கும். அப்படிப்பட்டவைதான் அதிகம் இருக்கும். அவற்றில் குறை ஒளியில் இருக்கிறது, அல்லது நீங்கள் நின்ற இடத்தில் இருக்கிறது.

முதல் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இரண்டுமே "ப்ளர்" என்றுதான் சொல்லப்படுகின்றன, ஆனால் மருந்து வேறு. கேமராவிலோ லென்ஸிலோ உள்ள ஸ்டெபிலைசேஷன் உங்கள் கை ஆட்டத்தை மட்டும்தான் சரிசெய்யும். ஓடும் குழந்தையை அது நிறுத்திவைக்காது. இந்த வித்தியாசம் தெரியாமல் ஸ்டெபிலைசேஷன் உள்ள லென்ஸுக்குப் பணத்தைக் கொட்டியவர்கள் நிறைய.

ஒவ்வொரு படத்தின் விவரப் பகுதியையும் திறந்து பாருங்கள். ஷட்டர் ஸ்பீடு (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்), அப்பர்ச்சர் (லென்ஸின் துவார அளவு), ஐஎஸ்ஓ, ஃபோக்கல் லெங்த் (லென்ஸ் எவ்வளவு தூரத்தை அருகில் இழுத்துக் காட்டும் என்பதைச் சொல்லும் மி.மீ. எண்) எல்லாம் அங்கே பதிவாகியிருக்கும். ஓடும் குழந்தையின் படத்தில் 1/30 நொடி என்று இருந்தால், வேறு விளக்கமே தேவையில்லை.

படி 2: மூன்று எண்களைப் பழகுங்கள்

வெளிச்சத்தின் அளவை "ஸ்டாப்" என்ற கணக்கில் சொல்வார்கள். ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரட்டிப்பு, குறைந்தால் பாதி. ஷட்டரில் இது எளிது: 1/60 நொடியிலிருந்து 1/125க்குப் போனால் பாதி. ஐஎஸ்ஓவிலும் அப்படியே, 400லிருந்து 800 ஒரு ஸ்டாப். அப்பர்ச்சர் எண்கள்தான் புதியவர்களைக் குழப்பும்: 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16. இவற்றை எஃப் 1.4, எஃப் 2 என்று சொல்வார்கள். எண் சிறிதானால் துவாரம் பெரிது. வரிசையில் ஒவ்வொரு அடியும் ஒரு ஸ்டாப்.

முதல் நாளே மேனுவல் மோடுக்குப் போகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். அப்பர்ச்சரை மட்டும் நீங்கள் தீர்மானிக்கும் மோடில் ஆரம்பியுங்கள். நிக்கான், சோனி கேமராக்களின் டயலில் 'ஏ' என்றும், கேனனில் 'ஏவி' என்றும் இருக்கும். ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும். நீங்கள் செய்ய வேண்டியது, அது என்ன வேகத்தைத் தேர்ந்தெடுத்தது என்று ஒவ்வொரு முறையும் ஓரக்கண்ணால் பார்ப்பது. அந்தப் பழக்கம் வந்துவிட்டால் மேனுவல் தானாக வரும்.

எந்த வேகம் போதும்? கையில் பிடித்து எடுக்க, 35 மி.மீ. ஃபிலிம் அளவுக்கு ஈடாகக் கணக்கிட்ட ஃபோக்கல் லெங்த் எவ்வளவோ அதன் தலைகீழ் எண் குறைந்தபட்சம் வேண்டும் என்பது பழைய விதி. 50 மி.மீ. என்றால் 1/50, 200 மி.மீ. என்றால் 1/200. இது கை ஆட்டத்துக்கு மட்டும். பேசிக்கொண்டிருக்கும் ஆளுக்கு 1/125, ஓடி விளையாடும் குழந்தைக்கு 1/500, பறக்கும் பறவைக்கு 1/2000 என்று ஆரம்பித்துப் பாருங்கள். போதவில்லை என்றால் ஐஎஸ்ஓவை ஏற்றத் தயங்காதீர்கள். புள்ளி விழுந்த படத்தை மென்பொருளில் ஓரளவு தேற்றலாம், மங்கிய முகத்தை ஒன்றும் செய்ய முடியாது.

பல கேமராக்களில் ஆட்டோ ஐஎஸ்ஓவுக்குக் குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தைக் குறித்து வைக்கலாம். அதை 1/250 என்று வைத்துவிட்டு, மெனுவை மூடிவிட்டுப் படம் எடுக்கப் போகலாம். மெனுவிலேயே எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

படி 3: பிடிக்கும் விதம்

இது சின்ன விஷயம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இடது கை லென்ஸை அடியிலிருந்து தாங்க வேண்டும், முழங்கைகள் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். வியூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் துளை) இருந்தால் கண்ணோடு அணைத்துக்கொள்ளுங்கள். முகமும் ஒரு தாங்கலாகிவிடும். பட்டனைக் குத்தாமல் மெதுவாக அழுத்துங்கள். கதவு நிலையோ தூணோ பக்கத்தில் இருந்தால் கூச்சப்படாமல் சாய்ந்துகொள்ளுங்கள்.

படி 4: ஃபோகஸ் எங்கே விழுகிறது என்பதை நீங்கள் சொல்லுங்கள்

எல்லா ஃபோகஸ் புள்ளிகளையும் கேமராவின் விருப்பத்துக்கு விட்டால், அது பெரும்பாலும் மிக அருகில் இருப்பதையோ, நிற வேறுபாடு பளிச்சென்று இருப்பதையோ பிடித்துக்கொள்ளும். ஆட்களை எடுக்கும்போது, இருந்தால், கண்ணைக் கண்டறியும் வசதியை இயக்குங்கள். இல்லையென்றால் ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்து, கேமராவுக்கு அருகில் இருக்கும் கண்ணில் வையுங்கள்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. ஏபிஎஸ்-சி சென்சார் (படம் பதிவாகும் சில்லு, முழு அளவைவிடச் சிறியது) உள்ள கேமராவில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8ல் வைத்து 1 மீட்டர் தூரத்தில் ஒருவரை எடுத்தால், கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ 3 செ.மீ.தான். மூக்கு நுனியில் ஃபோகஸ் விழுந்தால் கண் மங்கிவிடும். ஃபோகஸ் பிடித்த பிறகு நீங்கள் லேசாக முன்னால் சாய்ந்தாலே போதும், படம் போச்சு. ஆகவே புது லென்ஸ் "ஷார்ப்பாக இல்லை" என்று முடிவு கட்டும் முன் எஃப் 2.8லும் 4லும் எடுத்துப் பாருங்கள். மறுபக்கம், எஃப் 16, 22 என்று போனால் எல்லாம் தெளிவாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். துவாரம் மிகச் சிறிதாகும்போது ஒளி வளைந்து பரவி, படம் முழுவதுமே கொஞ்சம் மென்மையாகிவிடும். பெரும்பாலான லென்ஸ்கள் 5.6க்கும் 8க்கும் நடுவில் நன்றாக இருக்கும்.

படி 5: ஜன்னல் பயிற்சி

ஒரே ஒரு பயிற்சிதான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். போன் போதும்.

பகலில் வெயில் நேராக விழாத ஒரு ஜன்னலைத் தேர்ந்தெடுங்கள். அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள், ஏனென்றால் பல்பின் மஞ்சளும் பகலின் நீலமும் ஒரே முகத்தில் கலந்தால் எந்த ஒயிட் பேலன்ஸும் (ஒளியின் நிறச் சாயலைத் திருத்தும் அமைப்பு) இரண்டையும் சேர்த்துச் சரிசெய்யாது. ஜன்னலுக்கு ஒரு கை நீளத் தூரத்தில் ஒருவரை உட்கார வையுங்கள். ஆள் கிடைக்கவில்லையா, ஒரு ஆப்பிளை மேஜையில் வையுங்கள், அது பொறுமையாக இருக்கும்.

முதலில் நீங்கள் ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்று எடுங்கள். முகம் தெளிவாக, தட்டையாக வரும். பிறகு ஜன்னல் உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்கும்படி நகர்ந்து எடுங்கள். ஒரு கன்னம் ஒளியிலும் மறு கன்னம் நிழலிலும் விழும். மூக்குக்கு உயரம் வரும், தோலின் மேடுபள்ளம் தெரியும். அப்புறம் ஆள் ஜன்னலுக்கு முன்னால் வரும்படி நின்று எடுங்கள். முகம் இருட்டாகி, கூந்தல் ஓரம் மட்டும் ஒளிரும். இந்த மூன்றிலும் கேமரா, லென்ஸ், ஆள் எதுவும் மாறவில்லை.

இப்போது பக்கவாட்டு நிலைக்கே திரும்பி, நிழல் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணியையோ காகித அட்டையையோ பிடிக்கச் சொல்லுங்கள். நிழல் எவ்வளவு இளகுகிறது என்று பாருங்கள். அடுத்து ஆளை அறையின் உள்பக்கம் நகர்த்துங்கள். ஜன்னலிலிருந்து தள்ளிப் போகப் போக வெளிச்சம் குறைவதோடு, நிழலின் ஓரமும் கடினமாகிக்கொண்டே வரும். ஒளி வரும் இடம், முகத்திலிருந்து பார்க்கும்போது பெரிதாக இருந்தால் நிழல் மென்மை. சிறிதாக இருந்தால் கடினம். உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே நிழல் கடினமாக விழுவதும், மேகமூட்டத்தில் முகம் மென்மையாக வருவதும் இதே காரணத்தால்தான்.

படி 6: வெள்ளையும் கறுப்பும்

கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டர், காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறத்தில் இருக்கும் என்ற எண்ணத்தில் கணக்குப் போடுகிறது. அதனால் படம் முழுக்க வெள்ளைச் சுவர் இருந்தால் அதைச் சாம்பலாக்கிவிடும். கறுப்பு நாயையும் வெளுத்துச் சாம்பலாக்கிவிடும். கூட்டல்-கழித்தல் குறியுள்ள எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் இதற்காகத்தான். வெள்ளைக்கு +1, கறுப்புக்கு -1 என்று தொடங்கி, திரையைப் பார்த்துத் திருத்துங்கள். போனில் திரையைத் தொட்டால் வரும் சூரியக் குறியை மேலும் கீழும் நகர்த்துவதும் இதே வேலைதான்.

கூடவே ரா கோப்பாகவும், அதாவது சென்சார் பதிந்த தகவலைச் சுருக்காமல் வைத்திருக்கும் கோப்பாகவும், சேமிக்கப் பழகுங்கள். வழக்கமான படக் கோப்பான ஜேபெக் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகள்தான் வைத்திருக்கும். 14 பிட் ரா கோப்பில் 16,384. பின்னால் நிழலைத் தூக்கும்போது இந்த வித்தியாசம் தெரியும்.

படி 7: சரி, இப்போது வாங்கலாம், லென்ஸிலிருந்து

இவ்வளவும் செய்த பிறகு, முதல் படியில் செய்ததுபோல் மறுபடியும் பிரித்துப் பாருங்கள். பழக்கத்தால் சரியாகக் கூடியவை பெரும்பாலும் போயிருக்கும். மிச்சம் நிற்பவைதான் நீங்கள் வாங்க வேண்டியதைச் சொல்லும்.

அறைக்குள் எடுத்தவை மங்கியோ புள்ளியாகவோ இருந்தால், உங்களுக்குத் தேவை பெரிய துவாரமுள்ள ப்ரைம் லென்ஸ், அதாவது ஜூம் இல்லாமல் ஒரே ஃபோக்கல் லெங்த் கொண்டது. கேமராவோடு வரும் சாதாரண 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ் 55 மி.மீ.யில் அதிகபட்சம் எஃப் 5.6 வரைதான் திறக்கும். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். அதாவது 1/25 நொடியில் தடுமாறிய இடத்தில், ஐஎஸ்ஓவைத் தொடாமலேயே 1/250ல் எடுக்கலாம். எந்தப் புதுக் கேமரா பாடியும் (லென்ஸ் இல்லாத கேமரா மட்டும்) இவ்வளவு பெரிய தாவலைத் தராது. ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மி.மீ. சிறிய அறைக்குக் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், ஏனென்றால் அதன் பார்வைக் கோணம் முழு அளவு (35 மி.மீ. ஃபிலிம் அளவு) சென்சாரில் 75 அல்லது 80 மி.மீ. தருவதற்குச் சமம். வீட்டுக்குள் அதிகம் எடுப்பவர் 35 மி.மீ.யைப் பார்க்கலாம்.

பறவை புள்ளியாகத் தெரிகிறது என்றால் 300 மி.மீ.க்குக் குறையாத லென்ஸ் வேண்டும். இங்கே மெகாபிக்சலை நம்ப வேண்டாம். 24 மெகாபிக்சலிலிருந்து 48க்குப் போனால் நீளத்திலும் அகலத்திலும் 1.4 மடங்குதான் கூடும். இன்னொன்று, ஏ4 தாளில் 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) தரத்தில் அச்சிட 9 மெகாபிக்சல் போதும். 4கே திரைக்கு அதைவிடக் குறைவு. நிலக்காட்சியோ இரவு வானமோ என்றால் முதலில் ட்ரைபாட் (முக்காலி). இலேசான, ஆடும் ட்ரைபாட் வாங்குவதைவிட வாங்காமலே இருக்கலாம்.

படங்கள் வெறுமனே சப்பென்றுதான் இருக்கின்றன என்றால் எதுவும் வாங்காதீர்கள். ஜன்னல் பயிற்சிக்குத் திரும்புங்கள்.

படி 8: பாடி

பாடியைத் தேர்ந்தெடுக்கும்போது உண்மையில் நீங்கள் தேர்ந்தெடுப்பது ஒரு மவுன்ட்டை, அதாவது லென்ஸ் மாட்டும் வாயை. சோனி இ, ஃபியூஜிஃபில்ம் எக்ஸ், நிக்கான் இசட், கேனன் ஆர்எஃப் என்று ஒவ்வொன்றுக்கும் தனி லென்ஸ் வரிசை. உங்களுக்கு வேண்டிய லென்ஸ் அந்த வரிசையில் உங்கள் கைக்கு எட்டும் விலையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்தது கையில் பிடித்துப் பார்ப்பது. கனமாக இருக்கிறது என்று அலமாரியிலேயே தங்கிவிடும் கேமராவில் சென்சார் எவ்வளவு பெரிதாக இருந்து என்ன?

உள்ளே கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றும் மோசமில்லை. அதன் லென்ஸை அடாப்டர் வைத்து அதே நிறுவனத்தின் மிரர்லெஸ்ஸில் (அந்தக் கண்ணாடி இல்லாத கேமராவில்) பெரும்பாலும் பயன்படுத்தலாம்; மிரர்லெஸ் லென்ஸை டிஎஸ்எல்ஆரில் போட முடியாது. நிக்கானில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது. பாடியில் மோட்டார் இல்லாத டி3000, டி5000 வரிசைகளில் அவை தானாக ஃபோகஸ் ஆகாது, கையால் திருப்ப வேண்டியதுதான்.

படி 9: பழையது வாங்கினால்

லென்ஸின் ஒரு பக்கத்தில் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலைபோல் கிளைவிட்ட இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, விட்டுவிடுங்கள். ஓரிரண்டு தூசி படத்தில் தெரியாது. எஃப் 16ல் வைத்து ஒரு வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்குங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் கறுப்புப் புள்ளி சென்சார் தூசி. அதைத் துடைக்கலாம், கீறலை ஒன்றும் செய்ய முடியாது. ஷட்டர் எண்ணிக்கையையும், அதாவது இதுவரை எத்தனை முறை ஷட்டர் இயங்கியிருக்கிறது என்பதையும், கேளுங்கள்.

வாங்கியதைத் தோல் பையில் போட்டு மூடி வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானியும் இருந்தால் நல்லது. 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். அதற்கு மேல் ஏறத் தொடங்கினால் ஜெல்லை மாற்றுங்கள், அல்லது சூடுபடுத்தி உலர்த்தி மறுபடி போடுங்கள்.